கடைசி நாற்காலிக்கு ஓர் ஆள்

ஒரு காட்டில், மழை கைவிட்டு, பிழைப்பு படுத்து, அறிவுரை மட்டும் தட்டுப்பாடில்லாமல் கிடைத்துக்கொண்டிருந்த காலம். அங்கே அய்யாக்கண்ணு என்றோர் அழுங்கு இருந்தான். உடம்பெல்லாம் செதிலாக, கரையானை நக்கித் தின்று, பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளுமே, அந்தப் பிராணிதான். யானை முதலாளியின் மரக்கிடங்கில் கரையான் ஒழிப்பது அவன் வேலை. சம்பளமும் அந்தக் கரையான்தான். வேறென்ன வேண்டும்?

ஒருநாள் முதலாளி கிடங்கை இழுத்து மூடிவிட்டார். "காலம் சரியில்ல அய்யாக்கண்ணு. மனசத் தளரவிடாத" என்றார். அங்கேயே சுருண்டவன்தான். வீடுவரை உருட்டிக்கொண்டு வந்து சேர்த்தார்கள்.

மனைவி செவந்தி மூன்று நாள் பொறுத்தாள். நான்காம் நாள் முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

"வாசல் புத்துல இருக்கிற கரையான் இன்னும் ஒரு வாரத்துக்குத்தான் வரும். அப்புறம் புள்ள வாயில எதை வைக்கிறது? இப்படிச் சுருண்டு கிடந்தா ஆச்சா? சிங்கராசாவோட ஆறுதல் நிலையம் எதுக்கு இருக்கு? போய்ட்டு வாங்க."

போனான். காடே அங்கேதான் வரிசையில் நின்றது. டோக்கன் வாங்கி, மூன்று படிவம் நிரப்பி ("கவலைப்படுவதில் முன் அனுபவம் உண்டா?" என்றுகூட ஒரு கேள்வி!) உள்ளே போனால், ஒரு ஜன்னல். அந்தப் பக்கம் உடைந்த நாற்காலியில் ஒரு கிழ நரி. தலைக்குமேல் பலகை: "உங்களைவிட மோசம்."

"இருந்த புதர் தீயில போச்சு, பல்லு கொட்டிப்போச்சு, பெண்டாட்டி பொறந்த வீட்டுக்குப் போயிட்டா" என்று நரி ராகம் போட்டுக்கொண்டிருந்தார். பார்த்தவர்களெல்லாம், "அடடா, நம்ம பாடு தேவலை" என்று நெஞ்சை நீவிக்கொண்டு போனார்கள்.

அய்யாக்கண்ணுவுக்கும் மனசு லேசானது. ஆனால் மூக்கு சும்மா இருக்குமா? பரம்பரை மூக்கு ஆயிற்றே!

"என்னண்ணே, கோழிக்குழம்பு வாசம் அடிக்குது?"

நரி சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசுப்பா. இது அரசாங்க உத்தியோகம். ரெண்டு வேளைச் சாப்பாடு. எந்தப் பஞ்சத்திலயும் ஆள்குறைப்பு கிடையாது. பஞ்சம் முத்துனா ஓவர்டைம்கூட உண்டு. வர்ற வெள்ளிக்கிழமையோட நான் ரிட்டயர்டு ஆகுறேன்."

சனிக்கிழமை காலை, நரியின் சிபாரிசோடு அய்யாக்கண்ணு அதிகாரி ஆமையின் முன்னால் நின்றான்.

ஆமை கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த வேலை கிடைக்கலேன்னா என்ன பண்ணுவ?"

குட்டியின் பசித்த வாய் கண்முன் வந்தது. அவ்வளவுதான், ஆள் பந்தாகிவிட்டான்.

"பேஷ்!" என்றார் ஆமை. "இருபது வருஷத்தில இப்படியொரு தகுதிய நான் பாத்ததில்ல. ஆனா பெண்டாட்டிகிட்டகூட வாய் திறக்கக் கூடாது. எல்லாரையும்விட மோசம்னு உட்கார்ந்திருக்கிற கடைசி நாற்காலிக்காரனே வயிறாரச் சாப்பிடறான்னு தெரிஞ்சா, காட்டுல ஒருத்தனுக்கும் தூக்கம் வராது."

அன்றுமுதல் அய்யாக்கண்ணு காலையில் போய்ச் சுருளுவான், சாயங்காலம் ஒரு சட்டி கரையானோடு வீடு திரும்புவான். என்ன வேலை என்று செவந்தி கேட்டால், "உட்கார்ந்து செய்யுற வேலை" என்பான். அவளுக்கு நெஞ்சு பதைத்துக்கொண்டே இருந்தது. இந்த வேலையும் போய்விட்டால்? பொறுக்க மாட்டாமல், குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு ஒருநாள் அவளும் வரிசையில் வந்து நின்றாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாற்காலியில் முகம் தெரியாத ஒரு பந்து.

"ஐயோ பாவம், யாரு பெத்த புள்ளையோ!" என்று உச்சுக்கொட்டினாள். "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தாங்க கெடந்தாரு. இப்ப உத்தியோகத்துல இருக்காரு. நாங்க எவ்வளவோ தேவலை." கண்ணைத் துடைத்துக்கொண்டு, குட்டிக்கென்று கொண்டுவந்திருந்த ஒரு பிடி கரையானை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள்.

உள்ளே அய்யாக்கண்ணுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடக்க அடக்கச் செதிலெல்லாம் குலுங்கியது.

"தேம்பித் தேம்பி அழுவுறான் பாரு" என்றது அடுத்து நின்ற முயல். அன்றைக்கு வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் இரட்டிப்பு ஆறுதல் கிடைத்தது.

நீதி: கஷ்டகாலத்தில் நம்மைவிட மோசமாக இருப்பவரைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், அவர் மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்று மட்டும் விசாரிக்காதீர்கள்.