குடைபிடித்த கரடி

"கரடியக் கழட்டு அண்ணே. மாப்பிள்ளைப் பகுதி உள்ள வந்ததும் கரடியிட முகத்திலயா முழிக்கிற?"

வந்த கேதீஸ்வரி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவள் யோகராசாவின் தங்கை. தமையன் மகள் சுலோஜனாவின் கல்யாணப் பேச்சை முன்னின்று நடத்துகிறவள். நடத்துவதென்றால், மற்றவர்கள் ஓடவேண்டிய திசையைக் கையால் காட்டுவது.

கரடி என்பது முன்னறைச் சுவரில் ஒட்டியிருந்த பழைய சினிமாப் போஸ்டர். சிறுபிள்ளைகளுக்காக யாரோ வரைந்து ஓடவிட்ட கார்ட்டூன் படம். யோகராசாவைவிட வயது கூடியது. ஆமையின் முதுகில் ஏறி நீலக் கரடிக்குட்டி ஒன்று மஞ்சள் குடைபிடித்துப் போகும். படத்தின் பெயர் கிழிந்துபோன மேல்பக்கத்தோடு போய்விட்டது.

"அது பழங்காலத்துச் சாமான் கா. வெளிநாட்டில இதைத் தேடித் திரியிறாங்களாம்."

"அப்ப அங்க அனுப்பிவிடு. பின்னேரம் வாறது வெல்லாவெளி ஆக்கள். நாங்க வாறமெண்டதுக்கு, வேணாம், நாங்களே வாறமெண்டு சொன்னவங்க. கல்யாணம் பேசுற வீட்டில குடைபிடிச்ச கரடியக் கண்டா என்ன நினைப்பாங்க?"

அவள் சொல்வதும் நியாயம்தான். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குப் போகும். தாலி கட்டியதும் மாப்பிள்ளை இந்த நாவற்குடா வீட்டுக்குக் குடிவருவான்; யோகராசா பின்வளவில் கட்டியிருக்கும் ஒற்றை அறைக்குக் குடிபோவார். ஆகையால் பெண்ணைப் போனில் பார்த்துக்கொள்வார்கள். வீட்டைத்தான் நேரில் வந்து, சுவரைத் தட்டி, குழாயைத் திறந்து பார்ப்பார்கள். பெண்ணுக்குக் கோபம் வருமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். கூரை ஒழுகுமென்றால் முடியாது.

யோகராசாவின் சிக்கல் கூரையில் இல்லை. கரடிக்குப் பின்னால் மூன்று துவாரங்கள் இருந்தன. நாட்டில் எல்லோரும் 'பிரச்சினை' என்று மரியாதையாகக் குறிப்பிடும் காலத்தில் வந்தவை. ஒரு பின்னேரம் வெளியே துப்பாக்கி வெடி கேட்டது. அவர் மனைவி இரத்தினம்மா நடைபழகும் மகளை இழுத்து நிலத்தில் கிடத்தினாள். தான் குனிய அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சுவரைப் பார்த்தால் பிள்ளை சோறு தின்னமாட்டாள். பட்டணத்தில் மூடிக்கொண்டிருந்த ஒரு தியேட்டரில் கெஞ்சி வாங்கிவந்த கரடியை அதில் ஒட்டினார். பிள்ளை தின்றாள்.

துவாரங்களை எப்போதோ பூசிவிட்டதாகத் தங்கையிடம் சொல்லியிருந்தார். பூச நினைத்துச் சீமெந்து குழைத்ததெல்லாம் உண்மை. குழைத்த பிறகு ஒவ்வொரு முறையும் கிணற்றுக்கட்டைப் பூசிவிடுவார். நாவற்குடாவிலேயே உறுதியான கிணற்றுக்கட்டு அவருடையதுதான்.

போன வருடம் வந்த ஒரு பகுதி, அயலில் யாரோ சொல்லக் கேட்டு, "உயிர் போன வீட்டில எங்கட புள்ளையக் குடியிருத்த ஏலாது" என்று பாதித் தேத்தண்ணீரோடு எழும்பிப் போனது. உயிர் போகாத வீடு இந்தப் பக்கத்தில் அவர்களுக்கு எங்கே கிடைத்ததோ தெரியவில்லை. மகள் கோப்பைகளைக் கழுவினாள். இன்னொரு முறை அவளை அப்படிக் கோப்பை கழுவ விடுவதில்லை என்று யோகராசா தீர்மானித்திருந்தார்.

"மத்தியானம் கழட்டுறன் கா," என்றார்.

கேதீஸ்வரி கரடியின் காதைப் பிடித்து ஒரே இழுவை இழுத்தாள். மூன்று துவாரங்களும் அவளைப் பார்த்தன.

"பூசினதெண்டு சொன்ன?"

"சொன்னதுதான்."

"சரி, லட்சுமி படத்த மாட்டு. மகாலட்சுமியத் தூக்கிப் பாக்க எவனுக்குத் தைரியம் வரும்?"

ஆணிக்கு விழுந்த முதல் அடியிலேயே உள்ளங்கை அகலப் பூச்சு உதிர்ந்தது. இரண்டாவது அடியில் லட்சுமி தப்பினாள். ஆணி சுவருக்குள் போய்விட்டது.

காத்தான்குடியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் றிஷாட்டுக்குப் போன் போனது. அவன் சீமெந்தும் பச்சைப் பெயின்டுமாக மோட்டார்சைக்கிளில் வந்து, துவாரங்களை அடைத்து, அதன்மேல் பெயின்டையும் அடித்தான். சுவர் முழுக்கப் பாசிப்பச்சை. நடுவில் ஒரு சதுரம் கிளிப்பச்சை.

"காய்ஞ்சா ஒரே நிறத்துக்கு வந்திரும் அண்ணன்."

"எப்பக் காயும்?"

"ரெண்டு மூணு நாள் செல்லும்."

"டேய், அவங்க பின்னேரம் வாறாங்கடா!"

"அப்ப ஃபேனப் போடுங்க."

ஃபேனைப் போட்டார்கள். பெயின்ட் காயவில்லை. முற்றத்துப் புழுதி உள்ளே வந்து அதில் ஒட்டிக்கொண்டது.

"கரடியையே திரும்ப ஒட்டு," என்றாள் கேதீஸ்வரி, காலையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தவள்போல.

ஒட்டினார்கள். ஈரம் ஏறிக் கடதாசி ஊதியது. ஊதியது நேராகக் கரடியின் வயிற்றில்.

"கடவுளே, கல்யாணம் பேசுற வீட்டில புள்ளத்தாச்சிக் கரடி!"

"ஆம்புளக் கரடி கா அது," என்றார் யோகராசா.

"இன்னும் மோசம்!"

மிஞ்சியது அலுமாரி. இரத்தினம்மாவின் சீதனத்தோடு வந்த தேக்கு அலுமாரி. றிஷாட்டும் யோகராசாவும் முக்கி முனகி அதைத் தள்ளிக்கொண்டு வந்து சுவரோடு நிறுத்தினார்கள். கரடி, சீமெந்து, கிளிப்பச்சை எல்லாம் மறைந்தன. அந்த நாளில் முதன்முறையாக யோகராசா உட்கார்ந்து மூச்சு விட்டார்.

வாசலில் வான் வந்து நின்றது.

மாப்பிள்ளை சிவதர்ஷன், தகப்பன் கனகசிங்கம், தகப்பனின் தமக்கை இராசாத்தி என்று மூன்று பேர் இறங்கினார்கள். கனகசிங்கம் குழாயைத் திறந்தார், தண்ணீர் வந்தது. சுவரைத் தட்டினார், சுவர் நல்லபடியாகப் பதில் சொன்னது. கிணற்றுக்கட்டைப் பார்த்து, "இதை யார் கட்டின? மலை மாதிரி நிக்குது!" என்று வியந்தார். யோகராசா அடக்கமாகச் சிரித்தார். இராசாத்தி எதையும் தட்டவில்லை, திறக்கவில்லை. வந்ததிலிருந்து அலுமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறுகா என்ன, மகளக் கூப்பிடுங்களன்," என்றார் கனகசிங்கம்.

"சுலோ, வா புள்ள!"

பதில் அலுமாரிக்குள்ளிருந்து வந்ததுபோல் கேட்டது.

"எப்பிடி அப்பா வாற? வாசல்ல பலகை நிக்குது!"

அலுமாரி சுவரை மறைத்ததோடு நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த அறை வாசலையும் மறைத்திருந்தது. உள்ளே சேலை கட்டிக்கொண்டிருந்த மணப்பெண்ணை யாரும் நினைக்கவில்லை.

"நான் தள்ளுறன் மாமா," என்று சிவதர்ஷன் எழும்பினான்.

"வேணாம் தம்பி! அவள் யன்னலால வருவாள்!" என்று யோகராசா குறுக்கே பாய்ந்தார்.

"யன்னலுக்குக் கம்பி அடிச்சிருக்கப்பா," என்றது அலுமாரி.

வெல்லாவெளி வயலில் மூட்டை தூக்கிய தோள். ஒரே தள்ளில் அலுமாரி நகர்ந்தது. ஈரப் பெயின்டோடு அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு கரடியும் போனது. கரடியோடு சீமெந்தும் போனது.

மூன்று துவாரங்கள், காலையில் இருந்ததைவிட நன்றாக வளர்ந்து, எல்லோருக்கும் காட்சி கொடுத்தன.

சுலோஜனா வெளியே வந்து, எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, போய்ச் சுவரோடு முதுகைச் சாய்த்து நின்றாள். புதுச் சேலையில் கிளிப்பச்சை ஏறியது. துவாரங்கள் மறைந்தன.

யோகராசாவுக்குப் பொய் தீர்ந்துபோயிருந்தது.

"இவளிட அம்மா இதிலதான் போனவ," என்றார். "உயிர் போன வீடுதான். தேத்தண்ணியையாவது முழுசாக் குடிச்சிட்டுப் போங்க."

கனகசிங்கம் நிலத்தைப் பார்த்தார். சிவதர்ஷன் தகப்பனைப் பார்த்தான். இராசாத்தி எழுந்துபோய் அலுமாரியின் முதுகிலிருந்து கரடியைக் கிழியாமல், மெல்ல மெல்ல உரித்தெடுத்து, வயிற்றுச் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"எங்கட வீட்டுச் சுவரில யானைக்குட்டிப் படம் ஒட்டிக் கிடக்கு தம்பி," என்றாள். "அதைத் தூக்கிப் பாத்தா நீங்க புள்ள தரமாட்டீங்களெண்டு பயந்துதான், உங்களை வரவேணாமெண்டு சொல்லிப்போட்டு நாங்க முந்தி ஓடி வந்தது."