மாடி அறைக்கு வரி கிடையாது

நான் பிறந்த ஊர் எப்போதும்வென்றான். ஊர்ப் பேரைக் கேட்டு என்னைப் பெரிய ஆளாக நினைக்கிறவர்கள் ஒருதடவை என் வீட்டுக்கு வந்து பார்க்கவேண்டும்.

எங்கள் பக்கத்தில், வரி கட்டமாட்டேன் என்று சொன்னவருக்குச் சிலையே உண்டு. அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். போன ஆடி மாதம் ஒருநாள் காலையில் பேப்பரை மடித்துப் போட்டுவிட்டுச் சபதம் எடுத்தேன்.

"ஏட்டி செம்பகம், கேட்டுக்கோ. மாடி ரூமுக்கு ஒத்தப் பைசா வரி கட்ட மாட்டேன்."

"இப்ப யாரு கேட்டா?" என்றாள் என் மனைவி செண்பகவல்லி. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டைப் பிளாட் போட்ட இடத்தில் எங்கள் வீடு. தீப்பெட்டி ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் கிளார்க் வேலை பார்த்து, மருந்து வாடையை மூக்கில் ஏற்றிச் சேர்த்த காசில், போன வருஷம் மாடியில் ஒரு அறை கட்டினேன். பத்துக்குப் பன்னிரண்டு. டைல்ஸ் தரை, ஓரமாக ஒரு கக்கூஸ், ஒரு கட்டில், ஒரு ஃபேன். கீழே முழுக்க அவள் ராஜ்யம். சாயங்காலம் மேலே ஏறி, ஃபேனைப் போட்டு, வேட்டியைத் தளர்த்திப் படுத்தால் உலகத்தில் யாரும் என்னை ஒன்றும் கேட்க முடியாது. அந்த அறை போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. அதைப் பஞ்சாயத்தில் நான் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதினால் வரி.

வரி கட்ட வக்கில்லாமல் இல்லை. கோபம். வீட்டு வரி ஏறிவிட்டது. கரண்ட் சார்ஜ் ஏறிவிட்டது. ஏறாதது குழாயில் தண்ணீர்தான், பத்து நாளைக்கு ஒருதடவை வருகிறது. நிதி இல்லை என்று காலை பஸ்ஸை நிறுத்தினார்கள். மூன்று பஞ்சாயத்துக்கு ஒரே கிளார்க். மோட்டார் போடுகிற ஆள் இடம் காலி, வீடு அளக்கிற ஆள் இடம் காலி. ஆட்டு ஆஸ்பத்திரியில் ஆட்கள் வருவது வியாழக்கிழமை மட்டும், மற்ற ஆறு நாளும் ஆடுகள் நோய் நொடி இல்லாமல் இருந்துகொள்ள வேண்டும். இதையெல்லாம் தினமும் காலையில் செண்பகத்துக்கு உரக்கச் சொல்வேன். நாட்டு நடப்பு அவளுக்கும் தெரிய வேண்டாமா?

அரசாங்கம் மட்டும்தான் செலவைக் குறைக்குமா? நானும் குறைத்தேன். கூடத்து ஃபேனைக் கழற்றிப் பழைய சாமான் கடையில் போட்டேன்.

"கூடத்துல வேர்க்கும்லாங்க?"

"வேர்த்தா உடம்புக்கு நல்லது. கரண்ட் சார்ஜ் என்னன்னு தெரியுமா உனக்கு?"

"அப்ப மாடி ஃபேனுக்குக் கரண்ட் ஆகாதோ?"

"அது சின்ன ஃபேன்."

அவள் பேச்சை அத்தோடு விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் இப்படிச் சட்டென்று விட்டுக்கொடுக்கிற நாளில்தான் நான் கவனமாக இருந்திருக்கவேண்டும்.

செண்பகம் புதூர்ப் பக்கம் ஆடு மேய்க்கிற குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி இருபது வருஷமாக அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், வீட்டில் நாலு ஆடு. அதற்கு நான் இருபது வருஷமாக ஒரே பதில்தான் சொன்னேன். நான் சபதம் எடுப்பதற்கு இரண்டு மாதம் முன்னால் மகளிர் குழுவிலிருந்து ஒரு காகிதம் கொண்டுவந்து நீட்டினாள். ஆடு வளர்க்க மானியம். வீடு என் பேரில் இருப்பதால், கொட்டகைக்கு இடம் உண்டு என்று நான் கையெழுத்துப் போடவேண்டுமாம்.

"மானியமா? ஒரு கையால நம்ம மடியில இருந்து புடுங்கி, மறு கையால நமக்கே பிச்சை போடுதானா? மாயகிருஷ்ணன் கையேந்த மாட்டான். ஆட்டு நாத்தம் இந்த வாசப்படி ஏறாது, ஆமா."

அவள் காகிதத்தை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சபதம் போட்ட மறு திங்கட்கிழமை. குழுக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, வியாழக்கிழமை ஆபீசர் வாராராம். டேப்பு வச்சு நம்ம மாடியை அளப்பாராம்."

நான் மாடியை அண்ணாந்து பார்த்தேன். எழுதிக் கொடுக்காத அறை. அபராதம் போடுவான். பூட்டி சீல் வைத்தாலும் வைப்பான். என் கட்டில், என் ஃபேன், என் சாயங்காலம் எல்லாம் கண்முன்னே போய்க்கொண்டிருந்தன.

"கட்டிட்டுப் போயிரலாம்லா?" என்றாள்.

"சபதம்ட்டி."

"என்னமோ போங்க. மனுசன் படுக்கிற ரூமுக்குத்தான் இந்தப் பாடு. எங்க புதூர்ல ஆட்டுக் கொட்டகைக்கு எவன் வரி போட்டான்" என்று தன்பாட்டுக்கு முனகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நிமிஷம்தான் எனக்கு யோசனை வந்தது. யாரும் சொல்லித் தரவில்லை, நானாக யோசித்தது.

"ஏட்டி, உந்தம்பிகிட்ட ரெண்டு ஆடு ஒரு நாளைக்கு வாங்கலாமா?"

"ஐயய்ய, நாத்தம் அடிக்கும். நீங்கதான ஆகாதுன்னீங்க."

"ஒரே ஒரு நாளு."

"டைல்ஸ் தரைங்க."

"கழுவிக்கிடலாம்ட்டி."

"ரெண்டு ஆட்டைப் பாத்து யாரு கொட்டகைன்னு நம்புவா? ஆறாவது நிக்கணும். எனக்கு மனசே இல்ல."

ஆட்டுக்காக நான் கெஞ்ச, அவள் மறுத்தது வாழ்க்கையில் அன்றுதான். அரைமணி நேரம் கெஞ்சினேன். கடைசியில், "பெறகு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சம்மதித்தாள்.

வியாழக்கிழமை விடியவும் அவள் தம்பி இசக்கிராஜாவுக்குப் போன் போட்டேன். புதூரிலிருந்து வர ஒரு மணி நேரமாவது ஆகும். கால் மணியில் குட்டியானை வண்டியில் ஆறு வெள்ளாட்டோடு வந்து நின்றான். மச்சினனுக்கு என்மேல் என்ன பாசம் என்று கண் கலங்கிவிட்டேன். வண்டியை அனுப்பிவிட்டு, இரண்டு பேருமாக ஆடுகளைப் படியேற்றினோம். கட்டிலைக் கீழே இறக்கினோம். தரையில் ஆடு தின்ன வேப்பங்குழை போட்டோம். மற்ற வேலையை ஆடுகளே பார்த்துக்கொண்டன.

பதினோரு மணிக்கு ஆபீசர் வந்தார். சின்ன வயசு. சட்டைப்பையில் மணிகண்டபிரபு என்று பேர். பேருக்குக் கீழே ஆபீஸ் பேரும் இருந்தது, நான் அதைப் படிக்கிற நிலைமையில் இல்லை. நேரே மாடி ஏறினார். டேப்பை விரித்து அளந்தார். ஒவ்வொரு எண்ணும் எழுத எழுத நான் மனசுக்குள் அபராதத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"இது என்ன இடம்?"

"ஆட்டுக் கொட்டகை சார்."

"மனுசங்க யாரும் தங்குறதில்லையே?"

"இந்த நாத்தத்துல மனுசன் தங்குவானா சார்?"

"டைல்ஸ் போட்டிருக்கீங்க?"

"கழுவ வசதி சார்."

"அது என்ன, கக்கூஸா?"

"அதுல தீவனம் வைக்கோம்."

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். பிறகு அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கட்டிலை இறக்கிய மடையன் ஃபேனைக் கழற்ற மறந்துவிட்டேன். செண்பகம் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பயத்தில் என்று நினைத்தேன்.

"ஃபேன் எதுக்குங்க?"

முதுகில் வேர்வை ஊற்றியது. ஆறு ஆடும் என்னையே பார்த்தன.

"ஆட்டுக்கு வேர்க்கும் சார்."

ஆபீசர் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன். அவரோ, 'ஃபேன் வசதி உண்டு' என்று வாய்விட்டுச் சொல்லி எழுதினார். பிறகு குனிந்து ஒரு ஆட்டின் வாயைப் பிளந்து பல்லை எண்ணினார். வரி போட வந்தவன் பல்லை ஏன் எண்ணுகிறான்? இனிமேல் பல்லுக்கும் வரி வரும் போலிருக்கிறது.

"இந்த இடத்துல தொடர்ந்து ஆடுதான் வளர்ப்பீங்களா?"

"ஆயுசுக்கும் சார். எம் பொஞ்சாதிக்கு ஆடுன்னா உசுரு."

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

ஆட்டுக் கொட்டகை என்கிற எழுத்து கண்ணில் பட்டது. அதற்குமேல் படிக்க எனக்குப் பொறுமை ஏது? மூன்று இடத்தில் போட்டேன். மடிப்பு விழுந்த தாள் ஒன்றை அவர் செண்பகத்திடம் திருப்பிக் கொடுத்தார். படி இறங்கும்போது ஆபீசர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்த வட்டாரத்துல டைல்ஸ் போட்ட கொட்டகை நான் பாத்ததே இல்லைங்க."

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"மாப்ள, ஆட்டையெல்லாம் எறக்கு. வண்டிக்குப் போன் போடு."

இசக்கிராஜா அக்காளைப் பார்த்தான். "எதுக்குங்க அத்தான்?"

செண்பகம் இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தாள். அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்த அதே மடிப்பு.

"மூணு வருசத்துக்கு மாடியில ஆடுதான் இருக்கணும். இல்லன்னா மானியத்தை வட்டியோட திருப்பிக் கட்டணும். கீழ உங்க கையெழுத்து இருக்கு, பாருங்க."

"மானியமா? வந்தது வரி ஆபீசர்லாட்டி?"

"அவிய ஆட்டு ஆஸ்பத்திரியில இருந்துலா வந்தாவ. வீடு அளக்க ஆளு எங்க இருக்கு? அந்த இடம் காலியாக் கெடக்குன்னு தெனமும் காலையில கத்துதது யாரு?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வியாழக்கிழமை வாராருன்னு சொன்னேன்லா. வியாழக்கிழமை யாரு வருவான்னும் நீங்கதான படிச்சீங்க."

சபதத்தில் நான் தோற்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். மாடி அறைக்கு இன்றுவரை ஒரு பைசா வரி கட்டவில்லை. கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறேன், வேர்வையில் தலையணை நனைந்துவிட்டது. நேற்று பொறுக்கமுடியாமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தேன்.

"எங்க போறீங்க?"

"அந்த ஃபேனைக் கழட்டி இங்கன மாட்டுதேன்ட்டி."

"அது எப்படிங்க?" என்றாள் செண்பகம். "ஆட்டுக்கு வேர்க்கும்லா."