அஞ்சறைப் பெட்டியில் பன்னிரண்டு ஸ்குரு

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு வேலை எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. தேயிலைத் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் ஃபிட்டராக இருப்பவனுக்கு வருகிற வியாதி இது. கொழுந்தை உருட்டும் மெஷின் நின்றால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய் ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டுவேன், அது ஓடும். (சில நாள் நான் தட்டுவதற்கு முன்பே ஓட ஆரம்பித்திருக்கிறது. அதையும் என் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன்.)

அந்தத் திமிரில் ஒரு நாள் என் மனைவி சரசுவின் போனை இரவல் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். மெஷினுக்கு அடியில் குனிந்து பார்க்க அதன் டார்ச் நல்ல வெளிச்சம். குனிந்தேன். பார்த்து முடித்துப் போனைச் சட்டைப் பையில் போட்ட பிறகு, ஸ்பேனரை எடுக்க மறுபடி குனிந்தேன். போனும் என்னோடு குனிந்தது. சிமெண்டுத் தரையில் முகம் குப்புற விழுந்தது. எடுத்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை. மேல் பாதியில் விரல் வைத்தால் வேலை செய்தது. கீழ்ப் பாதி என்னை மதிக்கவே இல்லை. அழைப்பு வந்தால் எடுக்க வேண்டிய பச்சைப் பொத்தான் கீழ்ப் பாதியில்தான் இருந்தது.

வேறு ஒரு வாரமாக இருந்திருந்தால் திட்டோடு போயிருக்கும். ஆனால் அந்த வாரம் எங்கள் ஒரே மகள் யோகிதாவுக்கு நேர்காணல். ஈப்போவில் ஒரு கல்லூரியில் பாலர் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். வீடியோ அழைப்பில் கேள்வி கேட்பார்கள். முதல் முறை கூப்பிட்டபோது பாதியில் லைன் அறுந்துவிட்டது. பாவம் பார்த்து இன்னொரு தேதி கொடுத்தார்கள். வியாழக்கிழமை மாலை நான்கு மணி. அதையும் விட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அழைப்பு சரசுவின் எண்ணுக்குத்தான் வரும். வீட்டில் இருந்த இன்னொரு போன் என்னுடையது. பொத்தான் வைத்தது, பேச மட்டும்தான் தெரியும்.

(சிம்மைக் கழற்றி வேறு யார் போனிலாவது போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அன்று யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.)

தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியார் நல்ல மனிதர். அவர்தான் இணையத்தில் புதுத் திரை ஒன்றை எனக்காக ஆர்டர் செய்து கொடுத்தார். வியாழக்கிழமை காலையில் பொட்டலம் அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது. கூடவே ஊசி மாதிரி இரண்டு ஸ்குரு டிரைவர், ஒட்டுவதற்கு ஒரு டேப்.

"ஃபிட்டரே, நேரா கம்போங் ராஜாவுக்குப் போங்க. அங்க இருக்கிற சீனர் கடையில ஒரு மணி நேரத்துல மாட்டிக் குடுத்துருவான்" என்றார்.

"ஐயா, அந்தப் பாதை முழுக்கக் காய்கறி லோரி. அது பின்னால ஊர்ந்து போயிட்டு வர்ற நேரத்துல நான் இங்கேயே நாலு போன் மாட்டிருவேன் லா."

"இது மெஷின் இல்ல, போனு."

"மெஷினுக்குத் தம்பி, ஐயா."

கிராணியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். இருபது வருடத்தில் அப்படி இரண்டு முறைதான் பார்த்திருக்கிறார். முதல் முறை நான் ஆபீஸ் தண்ணீர்க் குழாயைச் சரி செய்தபோது.

அன்று எனக்கு ஓய்வு நாள். சரசு கொழுந்து பறிக்கப் போயிருந்தாள், வர மதியம் இரண்டரை ஆகும். அதற்குள் முடித்து, திரை பளபளக்க அவள் கையில் கொடுக்க வேண்டும் என்பது திட்டம். யோகிதா அறைக்குள் கண்ணாடி முன் நின்று பதில்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வப்போது வெளியே வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். கையில் நோட்டுப் புத்தகம். பாடம் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் மலைக் குளிரில் போனின் பின் மூடியை ஒட்டியிருந்த பசை கல்லாக இறுகியிருந்தது. விடுவேனா? என் முதுகு வலிக்கு வைத்திருக்கும் சுடுதண்ணீர்ப் பையை எடுத்து அதன் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் மூடி நோகாமல் கழன்று வந்தது. அந்த நிமிடம் என்னைப் போல் ஒரு கெட்டிக்காரன் இந்தப் பகாங் மாநிலத்தில் இல்லை.

உள்ளே பன்னிரண்டு ஸ்குரு. ஒவ்வொன்றும் கடுகைப் பார்த்து அண்ணே என்று கூப்பிடும் அளவு. அதிலும் சில குட்டை, சில நெட்டை. நெட்டையைக் குட்டையின் ஓட்டையில் போட்டு முறுக்கினால் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையைத் துளைத்துவிடும். தொழிற்சாலையில் நாங்கள் எந்த மெஷினைப் பிரித்தாலும், கழற்றிய இடத்துக்கு ஒரு கிண்ணம் என்று பிரித்து வைப்போம். அந்த ஒழுங்கு எனக்கு ரத்தத்தில் ஊறியது. கிண்ணத்துக்கு எங்கே போவது என்று சுற்றிப் பார்த்தேன். அடுப்புப் பக்கத்தில் அஞ்சறைப் பெட்டி. பெயர்தான் அஞ்சறை, எங்கள் வீட்டில் ஏழு கிண்ணம். கடவுளே நேரில் வந்து கொடுத்த மாதிரி இருந்தது.

மஞ்சளையும் கடுகையும் விட்டுவிட்டேன். சீரகம், வெந்தயம், மிளகு, உளுந்து, சோம்பு ஐந்தையும் பழைய பேப்பரில் தனித்தனிக் குவியலாகக் கொட்டினேன். ஐந்து கிண்ணத்திலும் ஸ்குருக்களை இடம்வாரியாகப் போட்டேன். என் ஒழுங்கை நானே நின்று ஒரு நிமிடம் ரசித்தேன்.

அடுத்து உடைந்த திரையைப் பெயர்த்தேன். ஒரு மணிக்குத் திடீரென்று, வயிறு திறந்து கிடந்த போன் அலறியது. நான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தேன். அதை அணைக்க மறந்திருக்கிறேன்! யோகிதா வைத்த நினைவூட்டல் மணி அது. ஆபரேஷன் மேசையில் நோயாளி எழுந்து உட்கார்ந்து, "டாக்டர், நாலு மணிக்கு எனக்கு வேலை இருக்கு" என்று சொன்ன மாதிரி. பதறிப்போய் பேட்டரிக் கம்பியைப் பிடுங்கிய பிறகுதான் அது அடங்கியது. என் நெஞ்சு அடங்க இன்னும் அரை மணி நேரம் ஆனது.

புதுத் திரையை வைத்தேன். மிச்சம் இருந்தது, திரையிலிருந்து வரும் பட்டையான கம்பியின் நுனியை அதன் குழியில் பொருத்துவது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். குழி எங்கே என்றே தெரியவில்லை. கையை நீட்டினேன், மடக்கினேன், ஜன்னலோரம் போனேன். ஐம்பது வயதுக் கண்ணுக்கு அது வெறும் புகை. (வாசிக்கக் கண்ணாடி வேண்டும் என்று சரசு மூன்று வருடமாகச் சொல்கிறாள். எனக்குக் கண் சரியில்லை என்பதும் நான் ஒப்புக்கொள்ளாத விஷயங்களில் ஒன்று.)

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவிடம் கண்ணாடி இருந்தது. போய்க் கேட்டேன். ரோஸ் நிறச் சட்டம், ஓரத்தில் இரண்டு கல் பதித்தது. கொடுத்தார், ஆனால் சும்மா கொடுக்கவில்லை. ஒரு கோப்பைத் தேநீரும், மருமகள் போட்ட சண்டையும் சேர்த்துத்தான் கொடுத்தார். திரும்பி வர இருபது நிமிடம் ஆகிவிட்டது.

வீட்டு வாசலிலேயே கமகமவென்று ரச வாசனை. சரசு வந்துவிட்டாள்! சந்தோஷமாக உள்ளே போனேன். மேசை சுத்தமாக இருந்தது, திறந்து கிடந்த போன் மட்டும்தான் மிச்சம். பேப்பர் இல்லை. குவியல்கள் இல்லை. அஞ்சறைப் பெட்டி அடுப்பு மேடையில் தன் இடத்தில் இருந்தது. ஏழு கிண்ணமும் நிறைந்திருந்தன.

"சரசு..." என்றேன்.

"பேசாதீங்க. வெயில்ல நின்னு கொழுந்து பறிச்சிட்டு வர்றேன், வீட்டுல பார்த்தா சீரகம் ஒரு பக்கம், சோம்பு ஒரு பக்கம். என்னா கடை போட்டிருக்கீங்களா? எல்லாத்தையும் அள்ளிக் கிண்ணத்துல போட்டுட்டேன்."

"கிண்ணத்துக்குள்ள எதுவும் இருந்துச்சா?"

"காலியா வெச்சிருந்தீங்க, அதுல என்னா இருக்கும்?"

"ஸ்குரு."

அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். ரோஸ் கண்ணாடியோடு நிற்கும் புருஷனை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "எத்தன?"

"பன்னெண்டு."

"ரசத்துல சீரகமும் மிளகும் இப்பத்தாங்க போட்டேன்."

மணி மூன்று ஐந்து. நான் என்ன செய்தேன் என்று நாகரிகமாகச் சொல்ல முடியாது. ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டேன். ரசச் சட்டியைத் தூக்கினேன், சுட்டது, வைத்தேன். பெட்டியைத் தூக்கினேன், எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள்ளேயே மூன்று சுற்றுச் சுற்றினேன். "எம்பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டேனே!" என்று கத்தினேன். அறையிலிருந்து யோகிதா வந்தாள். புடவை கட்டி, தலை பின்னி, டீச்சர் மாதிரியே இருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் அழுகை முட்டியது.

அவள் கத்தவில்லை. "அப்பா, பேக்டரியில பெல்ட்டுக்கு மேல காந்தம் வெச்சிருப்பீங்கள்ல, கொழுந்துல கிடக்கிற இரும்பப் பிடிக்க? வொர்க்‌ஷாப்ல அது மாதிரி இன்னொன்னு இருக்கா?"

இருந்தது. இருபது வருடமாக என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. என் மூளைக்குத்தான் வரவில்லை.

ஓடினேன். காந்தத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் ஆபீஸ் வாசலில் கிராணியார்.

"என்னா ஃபிட்டரே, போன் வேலை முடிஞ்சிருச்சா?"

"கிட்டத்தட்ட ஐயா. ரசத்துல மட்டும் கொஞ்சம் பாக்கி."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு இன்றைக்கும் அவரைக் கும்பிடுகிறேன்.

நான் திரும்பி வந்தபோது சரசு தேநீர் வடிகட்டியில் ரசத்தை வடித்துக்கொண்டிருந்தாள். யோகிதா மேசையில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே நோட்டுப் புத்தகம் திறந்து கிடந்தது. அதில் போனின் உள்பக்கம் அப்படியே பென்சிலில் வரைந்திருந்தது. பன்னிரண்டு வட்டம், ஒவ்வொன்றின் பக்கத்திலும் குட்டை, நெட்டை என்று எழுத்து.

"இது எப்ப வரைஞ்ச?"

"நீங்க கழட்டக் கழட்ட வரைஞ்சேன். உங்கள எனக்குத் தெரியாதாப்பா?" என்றாள். பிறகு, இதை நான் மறக்கவே மாட்டேன், பேப்பரை விரித்து என் முன்னால் வைத்தாள். "நீங்க இங்க உக்காருங்க. ஒவ்வொரு கிண்ணமாக் கொட்டிக் காந்தத்த ஓட்டுங்க. வேற எதையும் தொடக்கூடாது. சரியா?"

சரி என்று தலையாட்டினேன். மிளகில் இரண்டு. வெந்தயத்தில் மூன்று. உளுந்திலும் சோம்பிலும் ஐந்து. ஒவ்வொன்றாகக் காந்தத்தில் வந்து ஒட்டும்போது எனக்கு உயிர் ஒவ்வொரு சொட்டாகத் திரும்பி வந்தது. சீரகத்தில் ஒன்றுதான் கிடைத்தது. மொத்தம் பதினொன்று. ரசத்தை நான்கு முறை வடித்தோம். பன்னிரண்டாவது கிடைக்கவில்லை.

"பரவாயில்ல, மூலையில இருக்கிறது. அது இல்லாமயும் நிக்கும்" என்றாள் யோகிதா. அந்தப் பட்டைக் கம்பியை அவள் முதல் தடவையிலேயே குழியில் வைத்து அழுத்தினாள். டிக் என்று ஒரு சத்தம். நான் ஒரு மணி நேரமாகத் தேடிய சத்தம் அது. பேட்டரிக் கம்பியையும் மாட்டி, படத்தைப் பார்த்துப் பதினோரு ஸ்குருவையும் முறுக்கி, பின் மூடியை ஒட்டி, தன் தலைமுடியில் போடும் ரப்பர் வளையம் இரண்டைப் போட்டு இறுக்கினாள். பொத்தானை அழுத்தினோம். திரை கறுப்பாகவே இருந்தது. இருந்தது. பிறகு வெள்ளையாக ஒரு வெளிச்சம்.

மூன்று ஐம்பத்திரண்டு.

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குள் லைன் சரியாகக் கிடைக்காது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில்தான் நன்றாகக் கிடைக்கும். யோகிதா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள், பின்னால் சரசு, அவளுக்குப் பின்னால் நான். களத்துப் படியில் அவள் உட்காரவும் மணி அடித்தது. பச்சைப் பொத்தானைத் தொட்டாள். எடுத்தது!

திரையில் ஒரு அம்மா தெரிந்தார். வணக்கம் சொன்ன கையோடு, "உங்க பின்னால நிக்கிறது யாரும்மா?" என்று கேட்டார்.

நான்தான். ரோஸ் கண்ணாடி மூக்கில், காந்தம் கையில், சட்டை முழுக்க வெந்தயம்.

"எங்கப்பா, மேடம். டெக்னீஷியன்" என்றாள் சிரிக்காமல். சரசு என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். ஆனாலும் காது அங்கேதான் இருந்தது.

கொஞ்ச நேரம் என்னென்னவோ கேட்டார். கடைசியில், "ஒரு வகுப்புல எல்லாப் பிள்ளைங்களும் ஒரே நேரத்துல அழுதா என்னம்மா செய்வீங்க?" என்றார்.

"அதுல ரொம்பப் பதறுற பிள்ளை யாருன்னு பார்த்து, கையில ஒரு வேலையக் குடுத்து உக்கார வெச்சிருவேன், மேடம். ஒரு மணி நேரம் முன்னாடிதான் வீட்டுல செஞ்சிட்டு வந்தேன்."

அந்த அம்மா சிரித்த சிரிப்பு களத்தின் அந்தப் பக்கம் வரை கேட்டது. சரசுவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் கண் கலங்கியது. (கண்ணாடி அக்காவுடையது, எனக்குச் சேரவில்லை, அதனால் இருக்கலாம்.)

இடம் கிடைத்தது. இப்போது ஈப்போவில் தோழிகளோடு வாடகை வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அந்தப் போன் பதினோரு ஸ்குருவோடு இன்னும் ஓடுகிறது. எனக்கும் சொந்தமாக ஒரு வாசிப்புக் கண்ணாடி வந்துவிட்டது. அன்று நான் ஆட்டிய ஆட்டத்துக்கு இந்த முடிவு நியாயமே இல்லை. நான் கெடுத்ததை எல்லாம், நான் கெடுப்பேன் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்த இரண்டு பேர் சேர்ந்து சரி செய்தார்கள். அப்படிப்பட்ட வீடு எல்லாருக்கும் வாய்க்காது.

அவள் போய் ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டாள். கிளம்பும்போது சரசு எங்கள் பெட்டியிலிருந்த சாமானையே ஆளுக்குப் பாதி என்று புட்டியில் போட்டுக் கொடுத்திருந்தாள்.

"அப்பா, பன்னெண்டாவது கிடைச்சிருச்சு."

"எங்கம்மா?"

"சீரகத்துல. இன்னிக்கு ரசம் வெச்சேன். என் பல்லுல மாட்டுச்சு."

தொழிற்சாலைக் காந்தத்தையே ஏமாற்றிவிட்டு அது கல்லூரிக்குப் போயிருக்கிறது! எனக்கு ஒரே உற்சாகம். "தூக்கிப் போட்டுறாத. தீபாவளிக்கு வரும்போது கொண்டு வா. மூடியத் திறந்து மாட்டிரலாம், அஞ்சு நிமிஷ வேலை லா!"

சமையலறையில் ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சரசு அஞ்சறைப் பெட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு லெட்சுமி அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து நான் எதற்காக ஸ்குரு டிரைவரை எடுத்தாலும் அந்தப் பெட்டி பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விடுகிறது.