லண்டன் கோர்ட்டில் குந்தா மாப்பிள்ளை

நம்மைப் பற்றி அடுத்தவர்கள் எழுதி வைத்திருப்பதைக் கேட்டு வாங்கிப் படிக்கவே கூடாது. நான் படித்தேன்.

இங்கிலாந்தில் மேற்படிப்புக்குப் போனபோது, வீடுகளை வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்றின் அறையில் தங்கியிருந்தேன். குன்னூர் திரும்பிய பிறகு, என்னைப் பற்றி அவர்களிடம் இருக்கும் தகவல்களைக் கேட்டு எழுதினேன். (அங்கே யார் வேண்டுமானாலும் தன்னைப் பற்றிய தகவலைக் கேட்கலாம். சும்மா இருந்திருக்கலாம்.) அனுப்பினார்கள். அதில் ஒரு வரி: 'ஓயாமல் புகார் செய்பவர்.'

கொதித்துப்போனேன். அழிக்கச் சொன்னேன், மறுத்தார்கள். அந்த நாட்டுத் தகவல் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் செய்தேன். அவர்கள் விசாரித்து, 'அது அவர்களின் கருத்து, சட்டமீறல் இல்லை' என்று பதில் எழுதினார்கள். விடுவேனா? தீர்ப்பாயத்துக்குப் போனேன்.

"ஏனுங்க, அவங்க எழுதுனது சரிதானுங்களே" என்றாள் என் மனைவி செல்வி. அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

விசாரணை காணொளியில். மழையில் எங்கள் வீட்டு இணையம் படுத்துவிட்டதால் குந்தாவில் மாமனார் வீட்டுக்குப் போனோம். மின்வாரியத்தில் ஓய்வுபெற்றவர் அவர். "மாப்ளைக்கு லண்டன் கோர்ட்டுல கேஸுங்க" என்று அக்கம்பக்கமெல்லாம் பெருமையாகச் சொல்லியிருந்தார். நான் கோட் மாட்டிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தால், பின்னால் ஏழெட்டுப் பேர் ஆப்பிளும் ரொட்டியுமாக, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் போல நிற்கிறார்கள்.

"தைரியமா இருங்க தம்பி" என்றார் பக்கத்து வீட்டம்மா.

நீதிபதி தன்மையான அம்மா. என் பொறுமைக் குணத்தை விளக்கும் நீண்ட உரையை ஆரம்பித்தேன். முதல் பக்கம் முடியுமுன் கையை உயர்த்தினார்.

"ஆணையம் உங்களுக்குப் பதில் தந்துவிட்டதல்லவா?"

"தந்தது. ஆனால் அந்தப் பதில் தவறு."

"பதில் தராமல் இழுத்தடித்தால், தரச் சொல்லி உத்தரவிடுவேன். தந்த பதில் சரியா தவறா என்று பார்க்க எனக்கு அதிகாரம் இல்லை."

"அப்படியானால் இதைப் பற்றி நான் எங்கே புகார் செய்வது?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த அம்மா சட்டென்று குனிந்து காகிதங்களைப் புரட்டினார். தோள் குலுங்குவது திரையில் நன்றாகவே தெரிந்தது. மனு தள்ளுபடி.

"என்னங்க சொல்றாங்க, உள்ள போட்டுருவாங்களா?" என்றார் பக்கத்து வீட்டம்மா.

"கேஸத் தள்ளிட்டாங்களாம்" என்றார் மாமனார்.

விடுதலை என்று நினைத்து எல்லாரும் என் கையைக் குலுக்கினார்கள். கொண்டு வந்த ஆப்பிளை அவர்களே வெட்டி, எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். மறுக்க மனம் வரவில்லை.

இப்போது ரசத்தில் உப்பில்லை என்று நான் சொன்னால், "சரியாத்தானுங்க இருக்குது" என்பாள் செல்வி. மறுபடி வாயைத் திறந்தால், "பதில் சொல்லியாச்சுங்க. அது சரியா தப்பான்னு பாக்க இங்க யாருக்கும் அதிகாரமில்லைங்க" என்பாள்.

மாமனார் உடனிருந்தால், தட்டிலிருந்து தலை தூக்காமலே சொல்வார்: "தள்ளுபடி."