வெறுமையில் வந்திறங்கிய எட்டு அன்னங்கள்

நாற்பத்து நான்கு வயதில் பல்கலைக்கழகத்துக்குப் போனால் அறிவு வளரும் என்று நம்பியவள் நான். முதலில் வளர்ந்தது தலைக்கனம். அறிவு அதற்கடுத்த ரயிலில் வந்தது, அதுவும் வேலைநிறுத்த நாளில்.

அப்போது கார்ஜ் லே கொனெஸ் என்ற பிரெஞ்சுப் புறநகரில் ஒரு நூலகத்தில் தற்காலிக ஊழியையாக இருந்தேன். திரும்பி வந்த புத்தகங்களை அடுக்குவேன், அடுக்குகிறேன் என்ற பெயரில் நின்றபடியே வாசிப்பேன். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் ஒரு டிப்ளோமா வேண்டும் என்றார்கள். விழுந்தெழும்பி எல்லாப் பாடங்களையும் தாண்டிவிட்டேன். ஒன்றே ஒன்று மிச்சம். அதில் தவறினால் ஒரு வருடம் போகும். அந்த ஒரு வருடத்துக்குள் என் கதிரையில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார்.

மிச்சமிருந்த அந்தப் பாடம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. வாரம் ஒரு பிரதியை வாசிக்கவேண்டும், அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதவேண்டும், பிறகு எழுதியதை ஒரு காட்சியாக்கிக் கொண்டுவர வேண்டும். புகைப்படமோ, ஒட்டுப்படமோ, எதுவென்றாலும் சரி. என்னுடன் படித்தவர்கள் எல்லோரும் என் மகள் துளசியின் வயதுக்காரர். ஒருத்தி தான் வாசித்த கதையைத் தேநீர்ப் பைகளில் நூலால் தைத்துக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி ஒரு கவிதைக்குப் பதிலாகப் பாதி கடித்த ரொட்டியை மேசையில் வைத்தாள். (எனக்கு அது காலைச் சாப்பாடு என்றுதான் பட்டது. ஆனால் வகுப்பே மூச்சடக்கிப் பார்த்தது, நானும் அடக்கினேன்.) வகுப்பு முடிந்தபிறகும் நான் போகமாட்டேன். ஒவ்வொரு மேசையாகச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். ஒரு சொல் எந்த இடத்தில் நூலாகிறது, எந்த இடத்தில் ரொட்டியாகிறது? அந்தக் கேள்வியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். இரவுச் சாப்பாட்டில் உப்புக் கூடியிருக்கும்.

வருட முடிவில் ஒரு பெரிய காட்சி வேலை செய்யவேண்டும். அதோடு, வாசிப்பு எப்படி எழுத்தாகி, எழுத்து எப்படிப் படமானது என்று மூன்று பக்கத்தில் திரும்பிப் பார்த்து எழுதி, எல்லோர் முன்னாலும் வாசிக்கவேண்டும். பாதிப் புள்ளி அதற்குத்தான்.

நான் வசனகவிதை எழுதுகிறவள். இரண்டு மெல்லிய தொகுப்புகள் வந்திருக்கின்றன. எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு கடையில் மிளகாய்த்தூள் பைகளுக்குப் பக்கத்தில் இன்றைக்கும் கிடைக்கும். அந்தத் தகுதியில் எனக்கு ஒரு மகத்தான யோசனை வந்தது. வெறுமை. ஒன்றரை மீற்றர் அகலத்தில் வெள்ளைத் தாள். அதன் வலது கீழ் மூலையில், திறந்த புத்தகத்தின்மேல் கிடக்கும் என் இடது கை, உள்ளங்கையளவு புகைப்படமாக. மிச்சமெல்லாம் வெள்ளை. நான் வாசித்தும் எழுத முடியாமல் போனவை அந்த வெள்ளைக்குள் இருக்கின்றன. கையைப் படம் பிடித்தது துளசி. கட்டுரையின் பிரெஞ்சைத் திருத்தியதும் அவள்தான். மௌனம் என்ற சொல்லைப் பதினொரு இடத்தில் வெட்டினாள். நான் ஒன்பது இடத்தில் திரும்பப் போட்டேன். இதெல்லாம் கொஞ்சம் கூடிப்போகவில்லையா என்று பிரெஞ்சில் கேட்டாள். கலைஞரின் தாங்கும் சக்தியோடு அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

கடைசிவரை கையை அரைச் சென்ரிமீற்றர் மேலே ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்ததில், வழமையான அச்சுக்கடைக்குக் கொடுக்க நாள் போதவில்லை. அப்போது சுகந்தன் நினைவுக்கு வந்தார். அதே லா சப்பலில், ரூ காய் என்ற வீதிக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு சேலைக்கடைக்கு மேலே அவருடைய ஆல்பக் கடை. எங்கள் சனத்தின் கலியாணம், பிறந்தநாள், பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்தியவீடு எல்லாம் அவருடைய கணினி வழியாகத்தான் வரலாற்றுக்குள் நுழையும். ஆறு வருடத்துக்கு முன் துளசியின் சாமத்தியவீட்டு ஆல்பமும் அவர் செய்ததுதான். மண்டப வாசலில் நிறுத்தும் ஆளுயரப் படங்கள் அடிக்கும் பெரிய இயந்திரம் ஒன்று அவரிடம் இருந்தது.

"என்னக்கா, பிள்ளைக்குக் கலியாணமோ?" என்றார்.

இல்லை, என்னுடைய பல்கலைக்கழக வேலை, நாளைக்கு எல்லாருக்கும் முன்னால் காட்டவேண்டும் என்றேன். குரலில் இருந்த பெருமை சேலைக்கடை வரைக்கும் இறங்கியிருக்கும். அவர் கோப்பைத் திறந்து பார்த்தார், திரையில் ஒருமுறை தட்டினார், என்னைப் பார்த்தார். வெறுமையைப் பற்றி நான் அங்கே விளக்கியிருக்கலாம். ஆனால் கலையை விளக்குவது கலைக்கு இழுக்கு என்று அந்தக் காலத்தில் ஒரு கொள்கை வைத்திருந்தேன். ஆகவே ஆல்பக்காரரிடம் எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன்.

"தம்பி, உங்களுக்குத் தெரியாததே. வடிவாச் செய்து தாங்கோ."

"ஓம் அக்கா. யோசியாதேங்கோ."

வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல, வாயில் தானாக வரும் வாசகம் அது. சொல்லும்போது யாரும் யோசிப்பதில்லை. ஆனால் அந்தத் தொழிலில் அதற்குப் பெயர் முழு அதிகாரம். பின்னணி என்ன, பூ என்ன, எழுத்து என்ன என்று இதுவரை எந்தத் தாயும் சுகந்தனிடம் சொன்னதில்லை. படத்தைக் கொடுப்பார்கள், வடிவாகச் செய்யச் சொல்வார்கள், அவர் செய்வார்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே போய் நின்றேன். சுகந்தன் படத்தைச் சுருட்டி, ஒட்டுநாடாவால் கவசம் போட்டு, சொந்தத் தங்கையை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிறவர் முகத்தோடு என் கையில் தந்தார். பிரித்துப் பார்க்க நேரமில்லை. ரயிலில் அதைக் குழந்தைபோல் மடியில் வைத்திருந்தேன்.

வகுப்பில் என் முறை வந்தது. நாடாவை வெட்டி, சுருளை முன்வரிசைப் பெண்கள் இரண்டு பேரிடம் கொடுத்து, எனக்குப் பின்னால் நின்று விரித்துப் பிடிக்கச் சொன்னேன். திரும்பிப் பார்க்கவில்லை. (தன் படைப்பைத் தானே பார்ப்பது அடக்கமின்மை. அதுவும் அந்தக் காலக் கொள்கைதான்.) கட்டுரையை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன்.

"இங்கே எதுவும் இல்லை" என்பது முதல் வரி.

ஒரு பெண் வாயைப் பொத்தினாள். மனம் கசிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

"ஒரு கோடும் இல்லை. ஒரு நிறமும் இல்லை. உங்கள் கண் பதற்றப்படலாம். பதற்றப்படட்டும்."

தேநீர்ப்பைக்காரியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். உருக்கத்தைக் கூட்டினேன். ஒன்பது மௌனத்துக்கும் ஒவ்வொரு இடைவெளி விட்டேன். "இந்த வெண்மையில் என் முகத்தைத் தேடாதீர்கள்" என்ற வரியில் பின்னால் தாளைப் பிடித்திருந்தவர்களில் ஒருத்தியிடமிருந்து பிரஷர் குக்கர் ஆவி விடுவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, உண்மையாகவே அறிய விரும்புகிறவரின் குரலில் கேட்டார்:

"மடாம், அன்னங்கள் எதற்காக?"

திரும்பினேன்.

சுவிற்சர்லாந்து மலை. உச்சியில் பனி, நடுவில் நீர்வீழ்ச்சி, அடியில் ஏரி. ஏரியில் எட்டு அன்னங்கள், நான்கு இடப்பக்கம் பார்க்க நான்கு வலப்பக்கம் பார்க்க. இரண்டு ஓரத்திலும் தங்கத் தூண்கள். ஏரி நடுவில் ஒரு இளஞ்சிவப்புத் தாமரை, அதிலிருந்து என் இடது கை முழங்கை வரைக்கும் எழும்பி நிற்க, விரல் நுனிகளிலிருந்து நட்சத்திரங்கள் சிதறின. கைக்குக் கீழே இருந்த புத்தகத்தைக் காணவில்லை. மேலே, ரோஜா இதழ்களால் ஆன இதயத்துக்குள் என் முகம், துளசியின் சாமத்தியவீட்டில் நான் போட்டிருந்த அலங்காரத்தில், நெற்றிச்சுட்டியோடு. வலது மூலையில் ஒரு ஹெலிகொப்டர். கீழே தங்க எழுத்தில் தமிழில் ஒரு வரி.

அது என்ன எழுதியிருக்கிறது என்று பேராசிரியை கேட்டார். மொழிபெயர்த்தேன். "அன்புடன் வாழ்த்தும் கணவர், மகள் மற்றும் உற்றார் உறவினர்."

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் கண்ணுக்கு முன்னால் நூலகத்துக் கதிரை நகர்ந்து போனது. ஆம், எல்லாம் வேண்டுமென்றே செய்ததுதான் என்றேன். எழுத்து இல்லை என்கிறது, படம் உண்டு என்கிறது, இரண்டும் மோதும் இடத்தில் வாசகர் நிற்கிறார் என்று அவிழ்த்துவிட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பேராசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். அப்படியென்றால் ஒவ்வொன்றாகப் போவோம் என்றார். எங்கள் பழைய கவிதைகளில் அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும், நல்ல வாசகரைப்போல என்றேன். எழுதிக்கொண்டார். நீர்வீழ்ச்சி, ஓயாத வாசிப்பு என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

"ஹெலிகொப்டர்?"

வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு அந்த வகுப்பில் நான் காட்டிய ஒரே அசல் மௌனம் அது.

எல்லாவற்றையும் சொன்னேன், சுகந்தன், சேலைக்கடை, வடிவாச் செய்து தாங்கோ உட்பட. வகுப்பு கைதட்டியது. அதுதான் இன்னும் வலித்தது. பேராசிரியை யோசித்துவிட்டு ஒரு வாரம் தருவதாகச் சொன்னார். படம் இதேதான் இருக்கவேண்டும், கட்டுரை மட்டும் புதிது. படத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று எழுதமுடிந்தால் புள்ளி, முடியாவிட்டால் இல்லை.

அன்று பின்னேரமே சண்டை பிடிக்கும் முகத்தோடு சுகந்தனின் படிகளில் ஏறினேன். அவர் ஆவலோடு எழும்பி, "எத்தினை மாக்ஸ் அக்கா குடுத்தவை?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துச் சண்டை பிடிக்க முடியவில்லை. ஒரு மணப்பெண்ணின் கழுத்து மடிப்பை அழித்துக்கொண்டிருந்த அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொப்பியைத் திறந்து, பேராசிரியை கேட்டதுபோலவே ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

ஒரு அன்னத்தை வைத்தால் அது தனித்துப்போகுமாம், அதனால் சோடி. சோடியை வைத்தபிறகு மற்றப் பக்கம் பாரம் குறைந்துவிட்டதாம், மாறி மாறி வைத்ததில் எட்டாகிவிட்டதாம். மலை, சனம் கேட்டு வைப்பது, கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அங்கே போனதில்லை. புத்தகம் அட்டை கிழிந்து கிடந்ததால் எடுத்துவிட்டாராம். (வாசிப்புப் பாடத்துக்கு.) ஹெலிகொப்டர் வேறொரு பிள்ளையின் ஆல்பத்திலிருந்து தவறி வந்தது, வந்தபிறகு வடிவாகத் தெரிந்ததால் விட்டுவிட்டாராம். அந்த இடத்தில் பேனாவை நிறுத்தினேன். என் கவிதைகளில் நான் பெருமைப்படும் வரிகளில் பாதி அப்படித்தான் வந்து இறங்கியவை.

"அது சரி, வெள்ளையை ஏன் தம்பி விட்டு வைக்கேல்லை?"

"வெள்ளையில ஒரு கை மட்டும் கிடந்தா செத்தவீட்டுப் படம் மாதிரியெல்லோ அக்கா கிடக்கும். ஆள் எங்கை எண்டு சனம் கேக்கும். அதுதான் பிள்ளையின்ர பழைய ஆல்பத்தில உங்கட முகத்தைத் தேடி எடுத்தனான்."

அவர் என் படத்தை வாசித்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரு வருடமாக நான் கற்ற மூன்றையும், வாசித்து, வரி எழுதி, காட்சியாக்கி, ஒரே மூச்சில் முடித்திருக்கிறார். பிழையாக வாசித்திருக்கலாம். ஆனாலும் ஆள் எங்கே என்று கேட்டிருக்கிறார்.

நான் எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். மூன்று பக்கத்தையும் தமிழாக்கிச் சொன்னேன். மணப்பெண்ணின் கழுத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. வெறுமை வெறுமை எண்டு மூண்டு பக்கத்தையும் இடம் விடாமல் நிரப்பியிருக்கிறியள். நானும் அதைத்தானே செய்தனான்."

படிகளில் இறங்கும்போது சிரிப்பு வந்தது. வெட்கமும் வந்தது. இரண்டும் ஒரே படியில் வந்ததால் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளவேண்டியிருந்தது.

புதிய கட்டுரை ஒரு பக்கம்தான். என் கேள்விகளையும் சுகந்தனின் பதில்களையும் நடந்த ஒழுங்கிலேயே எழுதினேன். மௌனம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. இருபதுக்குப் பதினொன்று கிடைத்தது. தேறப் பத்துப் போதும். மேலதிகமான அந்த ஒன்று ஹெலிகொப்டருக்கு என்று ஓரத்தில் குறித்திருந்தார் பேராசிரியை. இலையுதிர்காலத்தில் நூலகத்து வேலை நிரந்தரமானது.

ஆனால் வீட்டில் நான் நிரந்தரமாக அன்னக்காரி. என் கணவர் என் கோப்பையில் தேநீர் ஊற்றும்போது விளிம்புவரை ஊற்றிவிட்டு, சுகந்தன் பார்த்தால் இடம் கிடக்கு என்பார் என்று சொல்வார். யோசித்தபடி ஜன்னலருகே நின்றால், என்ன, அன்னம் விடட்டோ என்பார். துளசி காலியான எதைக் கண்டாலும் படம் பிடித்து, எட்டு அன்னங்களைத் தொலைபேசியிலேயே ஒட்டி அனுப்புவாள். குளிர்சாதனப் பெட்டி, பேருந்துத் தரிப்பிடம், ஒருமுறை தன் தந்தையின் வழுக்கை.

போன மாதம் அவளுக்கு லியோனில் வேலை கிடைத்தது. வாடகை அறையின் சாவியை வாங்கிய அன்று அறையைப் படம் பிடித்து அனுப்பினாள். நாலு சுவர், ஒரு ஜன்னல், ஒன்றுமே இல்லை. அன்னமும் இல்லை. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எப்படி ஒட்டுவது என்று தட்டித் தடவிக் கண்டுபிடித்து, மத்தியானம் முழுக்க மினக்கெட்டு, மலை, தாமரை, கறிச்சட்டி, அவளுடைய அப்பா, நான் என்று கையில் அகப்பட்ட எல்லாவற்றையும் அந்த அறைக்குள் இறக்கி அனுப்பினேன். ஒரு அன்னம் தலைகீழாக நின்றது.

பதில் தமிழில் வந்தது.

"அம்மா, கட்டில் வைக்கக் கொஞ்சம் இடம் விடுங்கோ."