கெர்பர் வீட்டுப் பித்தளைக் குடம்

ஒரு பொருள் என்னவென்று தெரியாவிட்டால் கேட்கும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. பார்த்ததுமே எல்லாம் விளங்கிவிடும். அப்படி விளங்கிய ஒன்றினால்தான் என் தங்கை வசந்தியின் கலியாணம் மணவறையிலேயே நிற்கப் பார்த்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சுவிஸில், லாங்கன்தால் என்ற ஊரில் கிழமை நாட்களில் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமைகளில் கெர்பர் என்ற ஓய்வுபெற்ற பல் வைத்தியரின் வீட்டைத் துப்புரவு செய்வேன். (வீட்டைப் பூட்டித் திறக்கும் திறப்பையே என்னிடம் தந்திருந்தார், பாவம்.) அவருக்கு ஒரு பைத்தியம். அமெரிக்காவின் மேற்கில், வெள்ளி தோண்டிய ஒரு மலையூரில் பழைய ஹோட்டல் ஒன்று இருந்ததாம். அதன் அறைத் திறப்புகள், சாம்பல் கிண்ணங்கள், கறை பிடித்த கரண்டிகள் என்று தேடித் தேடி வாங்கி ஓர் அறை நிறைய அடுக்கியிருந்தார். அங்கே தூசி தட்டக்கூட எனக்கு அனுமதியில்லை. அவற்றுக்கு நடுவே ஒரு பித்தளைக் குடம்: உருண்ட வயிறு, ஒடுங்கிய கழுத்து, அகன்று விரிந்த வாய்.

கலியாண ஹால் வாசலில் வைக்கும் நிறைகுடத்துக்கு நான்தான் பொறுப்பு. சூரிச் கடையில் குடம் வாங்கியிருக்க வேண்டும், அடியோடு மறந்துபோனேன். கலியாணத்துக்கு முதல்நாள் வசந்தி, "அண்ணா, குடம் எடுத்திட்டீங்களோ?" என்றாள்.

"ஓம், ஓம், அது எப்பவோ."

அன்று சனிக்கிழமை. கெர்பர் ஃப்ரிபூர்க்கில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். (ஆள் இருந்தால் கேட்டிருக்க மாட்டேனா?) குடத்தைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து, கறுப்பெல்லாம் போகப் பழப்புளி போட்டுத் தேய்த்தேன். தங்கமாக வந்தது.

மறுநாள் தண்ணீர் நிரப்பி, மாவிலைக்குப் பதிலாக அயல் வேலியில் பிடுங்கிய இலைகளைச் செருகினேன். தேங்காய் அந்த வாயில் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் தாயே, "இப்பிடி ஒரு குடம் ஊரிலயும் காணேல்லை, தம்பி" என்றார். நான் ஒரு சாண் வளர்ந்தேன். ஐயரோ, தன் செம்பு சின்னது என்று அந்தக் குடத்தையே மணவறைக்கு எடுப்பித்து, இலையால் தொட்டு எல்லோர் தலையிலும் தெளித்தார்.

எல்லோர் தலையிலும் என்றால், மகள் வீட்டிலிருந்து நேரே வந்து முன்வரிசையில் கோட்டும் டையுமாக இருந்த கெர்பரின் தலையிலும்தான். சும்மா மரியாதைக்கு அழைத்திருந்தேன். (சுவிஸ்காரரை மரியாதைக்கு அழைக்கக்கூடாது, வந்துவிடுவார்கள்.) நெற்றியைத் துடைத்தவர் குடத்தைப் பார்த்தார். எழுந்தார். கிட்டப் போய்க் குனிந்தார்.

"மைன் ஷ்பூக்னாப்ஃப்!" என்று கத்தி, எனக்குப் பிடிபடாத வேகத்தில் ஜெர்மனில் அதன் கதையையும் சொன்னார்.

மாப்பிள்ளை ரவி இங்கே படித்தவர். அவர் முகம் ஒரு மாதிரிப் போனது.

"என்னவாம்?" என்று தாய் கேட்டார்.

"ஒண்டுமில்லையம்மா."

"சொல்லடா!"

"படிக்கமாம். சுரங்கத்து ஆக்கள் புகையிலை சப்பித் துப்பினதாம்."

கசெட்டில் ஓடிய நாதஸ்வரத்தை யாரோ நிறுத்தினார்கள். தாய் சேலைத் தலைப்பால் தன் தலையைத் தேய்த்தார். "என்ர பிள்ளையின்ர தலையில துப்பல் தண்ணியோ? எழும்படா ரவி!"

குனிந்திருந்த வசந்தியின் தோள்கள் குலுங்கின. ஐயோ, அழுகிறாளே, இவளுடைய வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனே என்று ஓடினேன். கிட்டப் போனால், பிள்ளை சிரிக்கிறது! மாலைப் பூ உதிர உதிரச் சிரிக்கிறது. அதைப் பார்த்த ரவியும் வெடித்துவிட்டார்.

"அம்மா, எல்லாரும் நனைஞ்சாச்சு. இனி எழும்பி என்ன செய்யிறது? ஐயா, தாலியைத் தாங்கோ."

சிரித்துக்கொண்டே கட்டியதில் முடிச்சு இரண்டு தடவை வழுக்கியது.

அழும் நிலையில் இருந்தவர் கெர்பர் ஒருவர்தான். கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "எடுத்ததை விடு," என்றார் ஜெர்மன் மொழியில். "ஏன் கழுவினாய்? அந்தக் கறை முழுக்க அசல்!"

வேலை போகவில்லை. அடுத்த கிழமை அந்த அறைக்கு மட்டும் புதுப் பூட்டு வந்திருந்தது.

வசந்தியின் பிள்ளைகளே இப்போது கலியாண வயதில் நிற்கிறார்கள். சொந்தத்தில் யார் வீட்டு விசேஷமென்றாலும், எல்லோருக்கும் பொதுவாக ஓர் அழைப்பு. எனக்கு மட்டும் தனியாக ஒரு தொலைபேசி:

"அண்ணை, கட்டாயம் வாங்கோ. ஒண்டும் கொண்டு வராதேங்கோ."