வரிசையில் நின்ற ஆமையும் இருபத்து மூன்று விரல் பவளமும்

ஒரு காட்டில், கடல்நீர் வந்து வந்து போகும் சதுப்புக் கரையில், பவளக் கண்காட்சி நடந்தது. அன்று வந்திருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

கதவுக்கு வெளியே ஆமை ஒன்று, காட்டுப்பன்றி மூன்று, முயல் நான்கு, கீரி இரண்டு, முள்ளம்பன்றி ஒன்று, புள்ளிமான் ஐந்து, உடும்பு ஒன்று, பெருச்சாளி ஆறு. ஆக, பார்க்க வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். கதவுக்கு உள்ளே நீர்நாய் நான்கு, காட்டுப்பூனை இரண்டு, நண்டு மூன்று. இந்த ஒன்பது பேரும் விற்க வந்தவர்கள். இவர்களைத் தவிர, பவளம் வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர் நரி சபாபதி, வாசல் காக்கும் நாரை மரகதம். மொத்தம் முப்பத்து நான்கு பேர். குரங்குகளுக்கு அழைப்பு இல்லை. போன வருஷம் அவை தொட்டிகளுக்குள் கைவிட்டுப் பார்த்தன.

அந்தக் காட்டில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தவர்கள் எல்லோரும் வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்துப் பவளம் வளர்த்தார்கள். பவளத்துக்கு உயிர் உண்டு. அதில் ஒரு விரலை ஒடித்து வேறு தொட்டியில் நட்டால் அது தனிப் பவளமாக வளரும். அப்படி ஒடித்த துண்டுகளை வருஷத்துக்கு ஒரு நாள் கொண்டுவந்து விற்பதுதான் கண்காட்சி. கரையில் கவிழ்ந்து கிடந்த பழைய படகுதான் மண்டபம். முன்பக்கம் கதவு. பின்பக்கம் ஒரு பலகை பெயர்ந்து போயிருந்ததால் அங்கே ஒரு ஜன்னல்.

வரிசையில் முதலில் நின்றது ஆமை வேதவல்லி. வேதவல்லி எல்லா வருஷமும் முதலில்தான் நிற்பாள். மற்றவர்கள் காலையில் எழுந்து வருவார்கள். அவள் முந்தின நாளே கிளம்பிவிடுவாள். எல்லா வருஷமும் வெறுங்கையோடுதான் திரும்புவாள். கதவு திறப்பதற்கு முன்பே விற்பவர்கள் தங்களுக்குள் நல்ல துண்டுகளை எல்லாம் மாற்றிக்கொள்வது வழக்கம். மாற்றியாகிவிட்டது என்பதற்கு அடையாளமாகத் தொட்டியின் மேல் ஒரு கிளிஞ்சல் வைத்துவிடுவார்கள். கதவு திறந்து வேதவல்லி உள்ளே போகும்போது அவள் பார்ப்பது பவளக் கண்காட்சியா, கிளிஞ்சல் கண்காட்சியா என்று அவளுக்கே சந்தேகம் வரும்.

இந்த வருஷம் அவள் வெறுங்கையோடு திரும்ப முடியாது. வீட்டுத் தொட்டியில் சுண்டு என்று ஒரு மஞ்சள் மீன் இருந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன். அது குடியிருந்த பவளம் கோடை வெயிலில் செத்துப் போயிற்று. வீடு போன மீன் உடைந்த டம்ளருக்குள் போய்ப் படுத்துப் பார்த்தது. ஒத்துவரவில்லை. மூலையில் கண்ணாடியை முட்டிக்கொண்டு நின்றது. இரை எடுப்பதை நிறுத்திவிட்டது. அதற்கு ஒரு பவளம் வேண்டும். நிறம் எப்படி இருந்தாலும் சரி, ஒளிந்துகொள்ள இரண்டு விரல் இருந்தால் போதும்.

போன வருஷக் கண்காட்சி முடிந்ததும் சபாபதி ஒரு கூட்டம் போட்டிருந்தார்.

“பார்வையாளர்களுக்காகத்தான் கண்காட்சி. உங்க குறையைச் சொல்லுங்க, அடுத்த வருஷம் சரிபண்ணிக் காட்டறேன்” என்றார்.

“நின்னு நின்னு காலு போச்சுய்யா” என்றார் காட்டுப்பன்றி பூமிநாதன். அவர் பேசினால் காட்டின் மறுகோடிக்குக் கேட்கும்.

“தாகம்” என்றன முயல்கள்.

“வெயில்” என்றன மான்கள்.

“எனக்குப் பின்னாடி யாரும் நிக்க மாட்டேங்கறாங்க” என்றது முள்ளம்பன்றி.

வேதவல்லியும் சொன்னாள். ‘கதவு திறந்த பிறகு விற்பனையை ஆரம்பித்தால் போதும்’ என்று சொன்னாள். ஆனால் கூச்சத்தில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு சொன்னதால் அந்தச் சொல் ஓட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அவள் காதிலேயே விழுந்தது.

சபாபதி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். இந்த வருஷம் வரிசைக்குப் பந்தல் போட்டார். நாற்காலி போட்டார். சுக்குக் காப்பி வந்தது. வந்தவர் கணக்கில் சேராத ஒரு தவளையைத் தகர டப்பாவுக்குள் உட்கார வைத்து, “தயவுசெய்து காத்திருக்கவும், உங்கள் வருகை எங்களுக்கு முக்கியம்” என்று விடாமல் சொல்ல வைத்தார். புள்ளி புள்ளியாக ஒரு கட்டம் வரைந்த பலகையும் மாட்டியிருந்தது. கைப்பேசியை அதன்முன் காட்டினால் கண்காட்சி விவரம் எல்லாம் தெரியும் என்றார்கள். கீரி தன் கைப்பேசியைக் காட்டிப் பார்த்தது. ‘வரிசையில் நிற்கவும்’ என்று வந்தது.

“என்ன ஏற்பாடு, என்ன ஏற்பாடு!” என்று இரண்டாவது காப்பியை உறிஞ்சினார் பூமிநாதன். “உள்ள போகணும்னே தோணல.”

அப்போதுதான் படகுப் பலகையின் இடுக்கு வழியாக உள்ளே இருந்து நீர்நாய் தங்கப்பழத்தின் குரல் கேட்டது. “அந்த ஆரஞ்சு எனக்கு. இந்தப் பச்சையை நீ எடுத்துக்க. சீக்கிரம் கிளிஞ்சலை வைப்பா, கதவைத் திறந்துடப் போறாங்க.”

பூமிநாதன் காப்பியை வைத்துவிட்டுக் கதவை முட்டினார். “யோவ்! வெளிய நாங்க உக்காந்திருக்கோம், உள்ள என்னய்யா அண்ணன் தம்பி பாகப்பிரிவினை?”

சபாபதி வெளியே வந்தார். “கோவிச்சுக்காதீங்க. விக்கறவங்க தங்களுக்குள்ள மாத்திக்கறது சங்கத்து வழக்கம். அதுல பார்வையாளர் தலையிட முடியாது.”

“அப்ப விக்கறவன்னா யாருய்யா?”

“விக்கறதுக்கு ஒரு துண்டு கொண்டுவந்தா விக்கறவர். வாசல்ல மரகதம்மாகிட்ட காட்டினா கழுத்துல சோழி கட்டி உள்ள விட்டுருவாங்க.”

பூமிநாதன் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை வரிசையில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. விடுவிடுவென்று வீட்டுக்குப் போனார். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கடல்நீரும் அதற்குள் ஒரு பவளமுமாகத் திரும்பி வந்தார். சேற்றைக் கிளறும்போது அகப்பட்ட பழுப்பு நிற விரல் பவளம். வேகவைத்த கருணைக்கிழங்கின் நிறம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் வேதவல்லி பார்த்தாள். எண்ணியும் பார்த்தாள். இருபத்து மூன்று விரல். சுண்டுவும் அதன் குடும்பமும், குடும்பம் என்று ஒன்று வந்தால், தாராளமாக இருக்கலாம்.

“இது...” என்று ஆரம்பித்தாள். அதற்குள் பூமிநாதன் சோழி கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உள்ளே போனவர் ஒரு விரலை ஒடித்துத் தங்கப்பழத்திடம் நீட்டினார். “நானும் விக்கறவன்தான். மாத்திக்கலாமா? அந்த ஆரஞ்சைக் குடு.”

தங்கப்பழம் சபாபதியைப் பார்த்தது. சபாபதி மேலே பார்த்தார். வழக்கம் வழக்கம்தானே. ஆரஞ்சு கைமாறியது.

பிறகு மீதிப் பவளம் சிரட்டையோடு பின்ஜன்னல் வழியாக வெளியே வந்தது. அங்கே பூமிநாதனின் சம்சாரம் காத்திருந்தாள். அவள் அதை எடுத்துக்கொண்டு படகைச் சுற்றி வந்து வாசலில் காட்டி, சோழி கட்டிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு விரலை ஒடித்தாள். மறுபடி ஜன்னல். அடுத்து மச்சான். அதற்குள் முயல்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. முயல்களுக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் தெரிந்த மாதிரி.

பந்தல் காலியாக ஆரம்பித்தது. வரிசை இப்போது பின்ஜன்னலில் நின்றது.

வாசலில் மரகதம் ஒற்றைக் காலில் நின்றபடி ஒவ்வொருவரையும் ஒழுங்காகச் சோதித்தாள். “துண்டு இருக்கா? இருக்கு. போ.” பத்துப் பேர் போன பிறகு அவளுக்கே வியப்பாக இருந்தது. “இந்த வருஷம் இந்தப் பழுப்பு ரகம் நல்லாப் பெருகியிருக்கு போல” என்றாள். “ஆனா சைஸு குறைஞ்சுக்கிட்டே வருது. தண்ணி சரியில்ல.”

கடைசியாகப் பெருச்சாளி எத்திராசு சிரட்டையோடு வந்தான். அடிக்கட்டையில் இரண்டே விரல் மிச்சம். வேதவல்லியைப் பார்த்ததும் நின்றான்.

“ஆமையக்கா, எனக்கு அப்புறம் நீங்கதான். ஜன்னல் பக்கம் வந்துடுங்க, தள்ளிவிடறேன்.”

“நான் வாங்க வந்தவ. விக்க வந்தவ இல்லப்பா” என்றாள் வேதவல்லி.

“எல்லாரும் வாங்க வந்தவங்கதான். இப்ப விக்கறவங்க ஆயிட்டோம். சோழி கட்டினா ஆச்சு.”

“மரகதம் கேட்டா நான் பொய் சொல்லணுமே.”

“அவங்க கேக்கறது துண்டு இருக்கான்னுதான். மெய்யான்னு கேக்க மாட்டாங்க.”

“வேண்டாம்ப்பா. நான் வரிசையில முதல் ஆளு. விட்டுட்டு வந்தா இடம் போயிடும்.”

எத்திராசு அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். காலி நாற்காலிகள். ஆறிப்போன காப்பி. டப்பாவுக்குள் தவளை.

“அக்கா, வரிசையில ஆளே இல்லையே. யாருக்கு முதல்ல நிக்கறீங்க?”

வேதவல்லி கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அங்கேயே நின்றாள். எத்திராசு உள்ளே போய் ஒரு விரலை ஒடித்துக்கொண்டு, இனிமேல் யாருக்கும் உதவாது என்று அடிக்கட்டையைச் சிரட்டையோடு கதவுக்குப் பின்னால் வைத்தான்.

நேரம் வந்தது. சபாபதி கதவைத் திறந்து, எழுதிக்கொண்டு வந்ததை வாசிக்க ஆரம்பித்தார். “பெருந்திரளாக வந்திருக்கும் பார்வையாளப் பெருமக்களே...” தலையை நிமிர்த்தினார். கீழே குனிந்தார். “வாங்கம்மா” என்றார்.

வேதவல்லி வாசல்படி தாண்டினாள். உள்ளே நீல விளக்கு. தொட்டிதோறும் பவளம் தணல் மாதிரி ஜொலித்தது. ஆரஞ்சு, பச்சை, ஊதா. ஒரு கிளிஞ்சல்கூடக் கண்ணில் படவில்லை. எல்லோரும் விற்பவர்களாகிவிட்டதால் கிளிஞ்சல்களை எடுத்துவிட்டார்கள், எல்லாம் விற்பனைக்கு. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் சரியான நேரத்தில் வந்திருந்தாள்.

விற்பவர்கள் முப்பத்தோரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மண்டபத்தில் சோழி இல்லாத கழுத்து ஒன்றே ஒன்று.

“அம்மா, இங்க வாங்க!” முப்பத்தோரு குரல்.

“தாயி, இந்த ஆரஞ்சைப் பாருங்க, எங்க வீட்டுல மூணு தலைமுறையா வளர்த்தது!” என்றார் பூமிநாதன். அது அவர் கைக்கு வந்து ஒரு காப்பி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

“அவங்க முதல்ல என்னைத்தான் பாத்தாங்க!” என்றது கீரி.

“போன வருஷம் கூட்டத்துல எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்தாங்க!” என்றது முள்ளம்பன்றி. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வாய்ப்பே இல்லை.

இரண்டு மான் அவள் ஓட்டைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தன. மூன்று நண்டு வலப்பக்கம் இழுத்தன. ஆமை என்ன செய்யுமோ அதை வேதவல்லி செய்தாள். தலை, கால், வால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“தள்ளாதீங்க! வரிசையில வாங்க!” என்று சபாபதி கத்தினார். முப்பத்தோரு விற்பவர்களும் ஓர் ஆமை ஓட்டுக்கு முன்னால் வரிசை கட்டி நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து, ஓட்டைத் தட்டி, விலையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் சுற்றில் சொன்ன விலை இரண்டாம் சுற்றில் பாதியானது. மூன்றாம் சுற்றில் சும்மா கொடுக்கவும் தயாராக இருந்தார்கள்.

“அந்தப் பழுப்பு இருக்கே, அது ஒண்ணு போதும்” என்றாள் வேதவல்லி. ஓட்டுக்குள்ளேதான் சொன்னாள். சொல் சுற்றிச் சுற்றி வந்து அவள் காதில் விழுந்தது.

பொழுது சாய்ந்தது. கடல்நீர் ஏற ஆரம்பித்தது. “வாங்கற மூஞ்சியே இல்ல” என்று திட்டிக்கொண்டு எல்லோரும் மூட்டை கட்டினார்கள். புதிதாக விற்பவர்களானவர்கள் நல்ல பவளங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பழைய விற்பவர்கள் தங்களிடம் மிஞ்சியிருந்த பழுப்பு விரல்களை ஒவ்வொன்றாக ஓடையில் எறிந்தார்கள். ப்ளக், ப்ளக் என்ற சத்தம் ஓட்டுக்குள் கேட்டது. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். இருபத்திரண்டு.

சத்தம் அடங்கியதும் தலையை நீட்டினாள். கதவுக்குப் பின்னால், சிரட்டைத் தண்ணீரில், அடிக்கட்டையும் அதில் ஒரு விரலும். சபாபதி விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்.

“இதுக்கு என்ன விலைங்க?” வெளியில் கேட்கிற மாதிரியே கேட்டுவிட்டாள்.

“அதுவா? அது விக்கறதுக்கு இல்லம்மா. உள்ள வர்றதுக்கு.” சபாபதி சிரித்தார். “கொண்டுபோங்க. அடுத்த வருஷம் அதைக் காட்டி முன்னாடியே உள்ள வந்துடலாம். இப்படி வெளிய நின்னு ஏன் கஷ்டப்படறீங்க?”

அன்று சங்கத்துக்கு அவர் கொடுத்த அறிக்கை சுருக்கமானது. ‘போன வருஷம் பார்வையாளர் இருபத்து மூவர், குறை இருபத்து மூன்று. இந்த வருஷம் பார்வையாளர் ஒருவர். குறை ஒன்றும் சொல்லவில்லை. ஆரம்பம் முதல் கடைசிவரை மண்டபத்தை விட்டு நகரவும் இல்லை. இதுபோல் ஒரு கண்காட்சி இதுவரை நடந்ததில்லை.’ எல்லோரும் கைதட்டினார்கள். பூமிநாதன் கமிட்டி உறுப்பினரானார். அடுத்த வருஷம் வரிசைக்குப் பஜ்ஜியும் உண்டு என்று தீர்மானம் போட்டார்கள்.

வேதவல்லி சிரட்டையை ஓட்டின் மேல் வைத்து, தண்ணீர் தளும்பாமல் நடந்து, மறுநாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். பவளத்தைத் தொட்டி மணலில் நட்டாள். சுண்டு மூலையிலிருந்து வந்தது. சுற்றிப் பார்த்தது. விரலுக்கும் கட்டைக்கும் நடுவில் தலையை நுழைத்தது. தலைக்கு இடம் இருந்தது, வாலுக்கு இல்லை. வாலை வெளியே விட்டபடியே தூங்கிப் போயிற்று. எழுந்ததும் இரை கேட்டது.

நீதி: குறை சொல்பவர்களின் குறையைத் தீர்க்கச் சிரமப்பட வேண்டாம், அவர்களையும் அந்தக் குறையில் பங்காளிகளாக்கினால் போதும். அதற்கும் மசியாமல் வரிசையிலேயே நிற்பவர்களை நினைத்துக் கவலை வேண்டாம். எண்ணிப் பார்த்தால், மிச்சம் ஒன்று.